ஓட்டை உள்ள கத்திரிக்காய்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஆர்கானிக் அண்ணனை அடையாளம் காண்பது சுலபம். சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் அவர் பனியன் கம்பெனி ஓனர். ஆட்களுக்குச் சம்பளம் போட்டு முடித்து, ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் நாலு துணிப்பையோடு வண்டியை எடுத்தாரென்றால் வேறு ஆள். நாலு பையும் பையர் வேண்டாமென்று தள்ளிய ஆர்டரின் மிச்சத் துணியில் தைத்தவை. இந்த அண்ணன் ஒரே ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பூலுவபட்டியில் ஒருத்தர், பாண்டியன் நகரில் ரெண்டு பேர், பெருமாநல்லூர் ரோட்டில் வீதிக்கு ஒருத்தர் இருக்கிறார்கள். நம்மூரில் காஜா பட்டன் மிஷினுக்கு அடுத்தபடியாகப் பெருகியது இவர்கள்தான்.

சந்தையில் அவர் கத்திரிக்காய் பொறுக்குகிற அழகை நின்று பார்க்க வேண்டும். கம்பெனியில் செக்கிங் டேபிளில் துணியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கி எறிகிறவர், இங்கே காயைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து ஓட்டையைத் தேடுகிறார். வழவழவென்று பளபளக்கும் காயைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். "மருந்துக் குளியல் போட்டு வந்திருக்குதுங்" என்று கீழே வைத்துவிடுவார். ஒரு ஓட்டை தெரிந்தால் புன்னகை. ரெண்டு ஓட்டை தெரிந்தால் ஒரு கிலோ. "பூச்சியே நம்பிச் சாப்பிட்டிருக்குது, அப்புறம் நமக்கென்ன?" என்பார். வீட்டில் அண்ணிதான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். அரிவாள்மணையில் காய் பிளக்கும்போது உள்ளேயிருந்து வெளியே வருகிற ஜீவனுக்கு அவர் வைக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது.

கீரை விற்கிற பாட்டியிடம் விசாரணை இன்னும் கடுமையாக இருக்கும்.

"ஏனுங்காத்தா, மருந்து அடிச்ச கீரைங்களா?"

"மருந்து வாங்கக் காசிருந்தா நான் எதுக்குச் சாமி வெயில்ல உக்காந்து கீரை விக்கறேன்?"

இதைவிட உறுதியான சான்றிதழ் உலகத்தில் கிடையாது. அண்ணனுக்கு அது போதாது. எந்தக் கிணற்றுத் தண்ணீர், பக்கத்துக் காட்டில் என்ன வெள்ளாமை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தோண்டிக்கொண்டே போவார். பாட்டி நாலாவது கேள்வியில் அடுத்த ஆளுக்குக் கீரைக்கட்டை நீட்டிவிடுவாள்.

அவர் மேல் முழுத் தப்பு சொல்ல முடியாது. ஆர்கானிக் என்ற சொல்லை வைத்துப் பத்து வருஷமாகச் சாப்பிடுகிறவர் அவர். ஆர்கானிக் என்று ஐரோப்பாவுக்குப் போகிற டி-ஷர்ட்டுக்குப் பையர் 'காட்ஸ்' சர்டிபிகேட் கேட்பார். நாரில் 95 சதமாவது இயற்கைப் பருத்தி இருந்தால்தான் லேபிளில் ஆர்கானிக் என்று மட்டும் போடலாம். 70 சதத்தைத் தாண்டினால் 'ஆர்கானிக் கலந்தது' என்று போட்டுக்கொள்ளலாம். பருத்தியை அரைக்கிற ஜின்னிங், நூல் மில், நிட்டிங், சாயப்பட்டறை, தையல் என்று ஒவ்வொரு கை மாறும்போதும் சரக்கோடு டி.சி. என்ற டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட் காகிதமும் கை மாற வேண்டும். அந்தக் காகிதம் வராமல் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய கண்டெய்னர் வாசலில் நின்ற ராத்திரிகளில் அண்ணன் தூங்கியதே இல்லை. 2020 அக்டோபரில், இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலி டி.சி. ஓடியிருக்கிறது என்று காட்ஸ் அமைப்பே அறிவித்தது. அன்றிலிருந்து அவருக்குக் காகிதத்தின் மேல் பயபக்தியும் வந்துவிட்டது, நம்பிக்கையும் போய்விட்டது. ரெண்டும் சேர்ந்து ஒரே ஆளுக்கு வந்தால் மளிகை வாங்குவது சிரமம்தான்.

வெல்லம் வாங்கும்போது பார்க்கலாம். கடைக்காரர் பொன் நிறத்தில் அச்சுவெல்லத்தை எடுத்து வைத்தால் அண்ணன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்து, "ஹைட்ரோஸ்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்வார். கேட்கிற வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது. சாயப்பட்டறையில் தப்பாய்ப் போன கலரை உரிக்கப் போடுகிற அதே சரக்கைத்தான் கரும்புப்பாகு வெளுத்து வருவதற்காகச் சிலர் கொப்பரையில் கொட்டுகிறார்கள். தன் துணியில் தாராளமாகப் போட்டதைத் தன் பாயசத்தில் சந்திக்க அண்ணனுக்கு மனசில்லை. ஆகவே கவுந்தப்பாடிப் பக்கம் போய்க் கன்னங்கரேலென்று இருக்கிற நாட்டுச்சர்க்கரையாகப் பார்த்து வாங்கி வருவார். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது என்று கூடுதல் சிபாரிசு வேறு. தேங்காயெண்ணெய்க்குக் காங்கயம் பக்கம் ஒரு செக்கு. கந்தகப் புகை போடாத தேங்காய்ப்பருப்பா என்று அவர் விசாரிக்கிற விசாரிப்பில் செக்குக்காரர் ஒருமுறை செக்கையே நிறுத்திவிட்டார்.

இந்த விசாரிப்பெல்லாம் சும்மா வந்ததில்லை. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992 இல் கட்டி முடித்ததையும், பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத்தண்ணீர் நின்றதையும், 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மொத்தமும் அடைபட்டதையும் கண்ணால் பார்த்தவர் அவர். நொய்யல் ஓரத்தில் காடு வைத்திருந்த பங்காளி வெள்ளாமையை விட்டுவிட்டு இவர் கம்பெனியிலேயே பேக்கிங் பார்க்கிறார். அதைப் பற்றி மட்டும் அண்ணன் தமாஷ் பேசுவதில்லை.

ஆர்கானிக் கடைகளில் அவரை வரவேற்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கடைப் பேரில் மண்ணோ மரபோ இருக்க வேண்டும், சுவரில் வெண்தாடி நம்மாழ்வார் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும், மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் ஓலைப்பெட்டியில் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் அண்ணன் கல்லாவில் இருக்கிற பையனிடம் "ஜைவிக் பாரத் முத்திரை எங்க தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பார். பையன் "எங்க மாமா தோட்டத்துதுங்ணா" என்பான். "மாமாவுக்கு டி.சி. இருக்குதா?" என்பார். அதற்கப்புறம் வாங்கிப் போகிற கருப்புக் கவுனியை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, குக்கரில் விசில் விட்டு விட்டு, கடைசியில் பிள்ளைகள் மேகி கேட்கும் கதை தனி.

போன வருஷம் மச்சினன் வற்புறுத்தி அந்தமானுக்குக் கூட்டிப்போனான். ஓட்டல் சாப்பாடு ஆகாதென்று சமையல்கட்டு உள்ள காட்டேஜாகப் பிடித்தார்கள். தீவில் எல்லாமே இயற்கையாகத்தான் இருக்கும், கடலைத் தாண்டி மருந்துக் கடை ஏது என்பது அண்ணன் கணக்கு. ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், இறங்கின கையோடு மார்க்கெட்டுக்குப் போனால் கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர்.

"தக்காளி எந்தத் தோட்டத்துதுங்?"

"தோட்டமா? சென்னையில இருந்து கப்பல்ல வந்ததுண்ணே. உருளை, வெங்காயம் எல்லாமே கப்பல்தான். இங்க விளைஞ்சதே வேணும்னா நீல் தீவுக்குப் போங்க, அங்கதான் காய்கறி நல்லா வரும். போய்ட்டு வர ஒரு நாளு ஆகும்."

அண்ணன் போகத் தயாராகத்தான் இருந்தாராம். அண்ணி ஒரு பார்வை பார்த்திருக்கிறார். நாலு நாள் கடலில் ஆடி வந்த தக்காளியை ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கேட்டார்:

"எந்த ஊருண்ணே?"

"திருப்பூருங்."

கடைக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. போட்டிருந்த டி-ஷர்ட்டை நெஞ்சில் இழுத்துக் காட்டி, "அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க. இதுவும் உங்க ஊரு சரக்குதான். நூறு பர்சென்ட் காட்டன்னுதான் குடுத்தான். நெசந்தானா?" என்றார்.

அண்ணன் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தார். நூலைக் கொளுத்திப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்குக் கிடையாது. பாதிக்குப் பாதி பாலியஸ்டர் என்று விரல் சொல்லிவிடும். கழுத்துப்பட்டியைத் திருப்பி லேபிளைப் படித்தார்.

"லேபிள்லயே போட்டிருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டு, "தக்காளி ஒரு கிலோ போடுங்க" என்றார்.