கொண்டை ஊசி வளைவில் பூ வாங்குதல்: ஓர் உளவியல் ஆராய்ச்சி

வீட்டில் பூச்சாடியே இல்லாத ஒருவர், மடியில் பூங்கொத்தோடு கண்டிக்குப் போய்ச் சேர்வது ஏன்? 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்குகிறவர்களுக்கு நேரும் இந்நிலையை அறிஞர் உலகம் இதுவரை கவனிக்கவில்லை. அக்குறையை இக்கட்டுரை தீர்க்கிறது.

ஆய்வுக் களம், லபுக்கலைக்குக் கீழே உள்ள வளைவுகள். கருவி, ஒரு வாடகை வேன். பரிசோதனைக்கு உட்பட்ட பிராணி, நான்.

முதல் வளைவில் ஒரு தம்பி பூங்கொத்தைத் தூக்கிக் காட்டுகிறான். வேன் நிற்காமல் போகிறது. பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்க, அவன் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் நேராக இறங்குகிறான். இரண்டாம் வளைவில் அதே தம்பி, அதே பூ, அதே சிரிப்பு. மூன்றாவதில் மூச்சு வாங்குகிறது. சிரிப்பு மட்டும் குறையவில்லை. நான்காவதில் வேனுக்குள் யாரோ, “எங்க, இன்னும் காணோமே?” என்கிறார்கள். ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய கணம் இதுதான். காசு கைமாறுவது பிறகு. வியாபாரம் இங்கேயே முடிந்துவிட்டது.

திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது தானாகவே பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968இல் எழுதினார். பொருளற்ற சொற்களைப் பலமுறை காட்டி அதைக் கண்டறிந்தார். தம்பி காலால் கண்டறிந்திருக்கிறான். ஓசியாகப் பெற்றதற்கு ஈடு செய்யாவிட்டால் மனம் உறுத்தும் என்றார் இன்னோர் உளவியலாளர் சியால்தினி, 1984இல். இங்கே ஓசியாகக் கிடைப்பது ஓட்டம். யாரும் ஓடச் சொல்லவில்லை. ஆனாலும் நாம் கடனாளி.

கடனாளியாக்குவது இந்த மலைக்குப் பழைய வித்தைதான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிகள் ஆசை காட்டித் தோட்ட வேலைக்கு ஆள் பிடித்த கதையை மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். விளம்பரத் துறையில் அதற்கு நிகரான வாசகத்தை நான் கண்டதில்லை. வந்தவர்களைக் கட்டிப்போட முன்பணக் கடன் இருந்தது. அந்தக் கடனோடு ஆளையே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

தோட்ட நிர்வாகம் கையாண்ட உளவியல் இன்னும் நுட்பமானது. ஒரு நாள் வேலைக்கு அங்கே ‘பேர்’ என்று பெயர். கொழுந்து நிறை குறைந்தால் போடுவது ‘அரைப்பேர்’. அரைச் சம்பளம் என்றால் பணம்தான் போகும். அரைப்பேர் என்றால் ஆளே பாதியாகிவிடுகிறார். வரவை விட இழப்பே அதிகம் உறைக்கும் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் நிறுவியபோது, இங்கே கொழுந்து மடுவத்துத் தராசு அதை அன்றாடம் நிறுத்துக்கொண்டிருந்தது. தம்பியின் முறையில் பயமுறுத்தல் இல்லை என்பதாலேயே அதை மேலானது என்பேன். பள்ளிக்கூட நேரத்தில் அவன் ஏன் சரிவில் நிற்கிறான் என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அப்படித்தான் நாங்கள் வேனில் தீர்மானித்தோம்.

ஐந்தாம் வளைவில் வேன் நின்றது. கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசுகிற நான், கேட்ட விலையைக் கொடுத்தேன்.

சாரதி ஒரு மாற்றுக் கருதுகோளை முன்வைத்தார்: “இன்னும் ரெண்டு வளைவு பொறுத்திருந்தா பாதி விலைக்குத் தந்திருப்பான் சேர்.”

அதைச் சோதித்துப் பார்க்க அடுத்த வளைவில் எட்டிப் பார்த்தோம். அவன் இல்லை. மேலே இன்னொரு வேனின் ஹோர்ன் கேட்டது.