லைன் வீட்டில் கருவை ஒட்டவைப்பது எப்படி?

முதலில், பெங்களூரில் கரு டிரான்ஸ்ஃபர் (செயற்கைக் கருத்தரிப்பில் கருவைக் கருப்பையில் வைப்பது) முடிந்த விஷயத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் நந்திதுர்க் லைனில் இது நடக்காத காரியம் என்பதால் அடுத்ததற்குப் போவோம்.

படுங்கள். காலுக்கடியில் இரண்டு தலையணை. மாரிக்குப்பம் ரயிலில் வந்ததாகத் தெரிந்தால் எதிர்வீட்டு அத்தை மார்பில் கை வைப்பார்: "ஐயோ, அந்தக் குலுக்கல்ல கரு நழுவிடுமேம்மா!" 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடும்வரை, கீழே பாறை வெடித்தால் மேலே வீடு ஆடிய ஊர் இது. அப்போதும் லைனில் தொட்டில்கள் காலியாக இருந்ததில்லை. கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே இருக்கும். கரு உருண்டு விழ அங்கே இடமேது? படுத்தே கிடப்பதால் பலனில்லை என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. சிலவற்றில் படுத்தவர்களுக்கே வாய்ப்பு குறைந்தது. அத்தையிடம் இதைச் சொன்னால் மூன்றாவது தலையணை வரும்.

அன்னாசியைத் தொடாதே என்பார் அத்தை. அன்னாசியின் நடுத்தண்டை ஐந்து நாள் தின்னச் சொல்வார் யூடியூப் அக்கா. இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

பணம் மிச்சமிருந்தால் கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிக்கொள்ளலாம். 2019இல் வெளியான பெரிய ஆய்வு அதில் பலனில்லை என்றது. பில் மட்டும் நிஜம்.

கணவரைப் பரிசோதனைக்கு அனுப்பவே கூடாது. குறை மருமகளிடம்தான் என்று லைன் தீர்ப்பெழுதி நாளாயிற்று. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணமுண்டு என்பதெல்லாம் டாக்டர்கள் கிளப்பும் வீண்பேச்சு. அவர் சிகரெட் பிடிக்கட்டும், பாவம், டென்ஷன்.

இனி சுவாரசியமே இல்லாத சங்கதிகள். புரோஜெஸ்டிரோனை ஒரு வேளைகூட விடாதீர்கள். டிரான்ஸ்ஃபருக்கு முன் உட்சுவர் ஏழெட்டு மில்லிமீட்டராவது வளர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டாமல் போகும் கருக்களில் பலவற்றுக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். நீங்கள் குடம் தூக்கியது அல்ல. 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பெண்ணுக்கு 50 வயது ஆகும்முன் வரை சிகிச்சை தரலாம். கருமுட்டைக்குச் சட்டம் தெரியாது, 35க்குமேல் வேகமாகத் தளரும். ஆகவே ஜோசியர் சொன்ன வருஷத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, கர்ப்பப் பரிசோதனை கிட். அவசரப்பட்டுப் பார்த்தால், முன்பு போட்ட ஹார்மோன் ஊசியின் மிச்சம், இல்லாத கர்ப்பத்தைக் காட்டலாம். ஒட்டிய கரு அந்த ஹார்மோனைப் போதுமான அளவு சுரக்கும்முன் பார்த்தால் இருக்கும் கர்ப்பத்தை மறைக்கலாம். டாக்டர் குறித்த நாளில் ரத்தம் கொடுத்தால் போதும். அதுவரை கிட்டை மாமியாரின் பீரோவில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள்; சாவி விஷயத்தில் அவரை நம்பலாம்.