21-ல ரெண்டு குறையுது, மருமவனே!

வா மருமவனே, உக்காரு. சுவத்துல மட்டும் சாயாத, சட்டையில சுண்ணாம்பு ஒட்டும்.

உன் பயணத் திட்டத்தைப் பாத்தேன். அழகாத்தான் போட்டிருக்க. பெங்களூர்ல ராத்திரி பஸ்ஸு, விடிஞ்சா மண்டபம், அங்கேருந்து பாய்மரப் படகு. மன்னார் வளைகுடாவுல 21 தீவு, ஏழு நாளு, நாளைக்கு மூணு தீவு. வகுத்தல் கணக்குல மீதியே இல்ல. இதுல ஒரு நகலைக் கடலுக்கும் அனுப்பிட்டியா? அனுப்பலன்னா, புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீ வாழைத்தீவுல காப்பி குடிக்கப் போற விஷயம் அதுக்கு எப்படித் தெரியும்?

மாசம் ஜூலைன்னு எழுதியிருக்க. ஆபீஸ்ல அப்பத்தான் லீவு தருவாங்களாம். நல்ல ஆபீஸு. ஜூலையில இங்க கச்சான் காத்து. தென்மேக்க இருந்து வந்து, பாயைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டுப் போவும். உங்க மேனேஜர் கையெழுத்தெல்லாம் அதுக்குப் படிக்கத் தெரியாது. சரி, ஐப்பசி கார்த்திகையில வாரேன்னு சொல்லுவ. அது வாடைக்காலம், புயல் காலம். தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ல ஒரே ராத்திரியில வாரிச் சுருட்டினது அந்தப் பருவந்தான். மாசி பங்குனியில வா. காத்து பதமா இருக்கும், தண்ணி தெளிஞ்சு கெடக்கும். லீவு இல்லன்னா இருக்கவே இருக்கா எங்க ஆத்தா. போய்ச் சேந்து எட்டு வருசமாகியும் உன் லீவுக்காக மூணு தடவை செத்தவ. நாலாவதுக்குக் கோச்சுக்க மாட்டா.

மண்டபத்துல ஏறித் தூத்துக்குடியில இறங்கு, ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வாடையும் கொண்டலும் மாறி மாறி வீசும். போறப்ப காத்து மாமனார் மாதிரி பின்னால நின்னு தள்ளும். ஆனா நீ சுத்தித் திரும்பி வரணும்னு எழுதியிருக்கியே, அங்கதான் இருக்கு. வாறப்ப அதே காத்து கடன்காரன் மாதிரி எதுக்க நின்னு மறிக்கும். அங்கிட்டும் இங்கிட்டும் குறுக்க ஓடித்தான் ஏறணும். ஒரு மைல் முன்னேற அதைவிடக் கூடுதலா ஓடணும். திரும்பி வர பஸ் டிக்கெட் எடுத்துரு. படகைப் படகுக்காரன் பாத்துக்குவான்.

போன்ல வரைபடம் இருக்குன்னு சொல்லுத. அதுல கடல் பூரா ஒரே நீலம். நிசத்துல நீலம்னா ஆழம், பச்சைன்னா மணல், தவிட்டு நிறத்துல தெரிஞ்சா பார். பார்னா தெரியுமில்ல? நீ பவளப்பாறைங்கறதை நாங்க பார்னு சொல்லுவோம். நீ வாடகைக்குப் பேசியிருக்கியே வெள்ளைப் படகு, அதுக்கு அடியில ஏராக்கட்டை ஆள் உயரத்துக்கு நீட்டிக்கிட்டு நிக்கி. நம்ம வள்ளம் முழங்கால் தண்ணியிலயும் நழுவிரும், அது நட்டுக்கும். அதனால காலையில பொழுது முதுகுப் பக்கம் இருக்கறப்போ ஓடு, தண்ணிக்கு அடியில கெடக்கறது கண்ணுக்குத் தெரியும். பொழுது மேக்க சாஞ்சு மூஞ்சியில அடிச்சா கடல் தகரம் மாதிரி மின்னும், ஒண்ணும் புலப்படாது. அப்ப நங்கூரம் போட்டுட்டுச் சோத்தைத் தின்னு. நங்கூரத்தை மணல்ல போடு. பார்ல போட்டா பார் நொறுங்கும். கடல்புல்லு மேல போட்டா, கடல்பசு தின்னுற இலையில நீ கல்லைப் போட்ட மாதிரி.

பேரை நம்பியும் போவாத. நல்லதண்ணித் தீவுல தண்ணி பிடிச்சுக்கலாம்னு குறிச்சு வச்சிருக்க. பக்கத்துலயே உப்புத்தண்ணித் தீவுன்னு ஒண்ணு இருக்கு, அது உன் கண்ணுல படலியா? குடிதண்ணியைக் கரையிலயே ஏத்திக்கோ. முயல் தீவு இங்க ரெண்டு. மண்டபத்துப் பக்கம் கடல் நடுவுல ஒண்ணு, தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டி இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு ரோட்டுலயே போயிரலாம். நான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நின்னா, படகுக்காரன் உன்னை ஆட்டோவுல கொண்டுபோய் இறக்கிட்டுப் படகு வாடகை வாங்கிருவான்.

காப்பி விஷயத்துக்கு வாரேன். 1986-ல இந்த 21 தீவையும் சுத்தி 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாச்சு. வனத்துறை அனுமதி இல்லாம எந்தத் தீவுலயும் காலை வைக்கக் கூடாது. குருசடைக்கு அவங்களே படகு விடுதாங்க, அதுல போய்ப் பாத்துக்கலாம். மத்ததை எல்லாம் தள்ளி நின்னு கும்பிட்டுட்டு வரவேண்டியதுதான். ஒரு துண்டு பவளத்தை எடுத்து ஆபீஸ் மேசையில வைக்கலாம்னு ஆசைப்படாத. 2001-ல இருந்து புலிக்கு என்ன சட்டமோ பவளத்துக்கும் அதே சட்டம். கிழக்க ரொம்ப ஓடாத. 1976-ல நம்ம நாடும் இலங்கையும் பேசி ஒரு கோடு போட்டுருக்காங்க. தண்ணியில கோடு தெரியாது. தாண்டினப்புறம் வந்து சொல்லிக் குடுப்பாங்க.

இப்ப உன் கணக்குக்கு வருவோம். நாளைக்கு மூணு, ஏழு நாளு, 21. அதுல ரெண்டு குறையுது மருமவனே. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, நம்ம பக்கம் விலாங்குசல்லி. ரெண்டும் தண்ணிக்குள்ள போயாச்சு. காகிதத்துல மட்டும் இன்னும் 21.

எப்படிப் போச்சுன்னு கேக்க. தீவுக்கு வேலி பார்தான். அலை வந்து பார்ல மோதி உசுரு போய்த்தான் தீவுப் பக்கம் வரும். அந்த வேலியை நாங்க கடப்பாரை கொண்டு பேத்தோம். வள்ளம் வள்ளமா கல்லு வந்துச்சு, காளவாசல்ல வெந்து சுண்ணாம்பாச்சு. இந்தப் பக்கம் தீவுக்குச் சல்லின்னு பேரு வச்சான் பாரு, சரியாத்தான் வச்சிருக்கான். கல்லை வித்து நாங்க நாலு சல்லி பாத்தோம். வேலி போன தீவை அலை மேஞ்சுட்டுப் போயிருச்சு. பக்கத்துல காரியாச்சல்லியும் வருசா வருசம் கரைஞ்சுக்கிட்டே இருக்கு. வான் தீவுப் பக்கம் சிமெண்டுல கல்லு வார்த்துக் கடலுக்குள்ள இறக்கி வச்சிருக்காங்க. அன்னைக்குக் கடல்ல கெடந்த கல்லை எடுத்துக் கரையில சுண்ணாம்பாக்கினோம். இன்னைக்குக் கரையில கெடக்குற சிமெண்டைக் கொண்டுபோய்க் கடல்ல கல்லாக்குதாங்க. இடையில கூலி வாங்குனவன் உன் மாமன்.

அதனால புத்தி சொல்லுதேன்னு நெனைக்காத. அந்தத் தகுதி எனக்கு இல்ல. காத்தைக் கேட்டு ஓடு, பாரைத் தொடாத, தீவை எட்ட நின்னு பாரு. நான் செஞ்சதுக்கு நேர்மாறாச் செய்யி, பயணம் நல்லா இருக்கும்.

ஏழாம் நாள்ல விலாங்குசல்லின்னு எழுதியிருக்க பாரு, அதை அடிச்சுரு. படகும் வேண்டாம், வனத்துறை அனுமதியும் வேண்டாம். வந்ததுல இருந்து சாயாதேன்னு சொன்னேனே, அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அங்கேருந்துதான் வந்துச்சு. இப்பச் சாஞ்சுக்கோ.