செப்டம்பர் வள்ளல்

இங்கிலாந்தில் வீட்டுக் கொல்லையில் ஆப்பிள் மரம் வைத்திருப்பவரை ஜூலை மாதத்தில் பார்த்தால் அடையாளமே தெரியாது. தலையை லேசாக அசைத்துக் 'குட் மார்னிங்' சொல்வார். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அபராதம் கட்ட வேண்டும் என்பதுபோல் உள்ளே போய்விடுவார். செப்டம்பர் பிறக்கட்டும், மனிதர் மாறிவிடுவார். இத்தனை வருடமாக நம் பெயரைக்கூடக் கேட்டறியாதவர் வாசல் மணியை அடிப்பார். கையில் பை இருக்கும். பைக்குள் என்ன என்று கேட்பதற்கு நமக்குப் பைத்தியமா?

மரம் பெரும்பாலும் அவர் நட்டதாக இருக்காது. வீட்டை வாங்கியபோது கூடவே வந்தது. ஆனாலும் ஏப்ரல் கடைசியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும்போது, பெற்று வளர்த்தவர் தோரணையில் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார். ஜூனில் மரம் கொஞ்சம் பிஞ்சைத் தானே உதிர்த்துத் தன் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் கொத்துக்கு ஒன்றிரண்டை விட்டு மிச்சத்தைக் கிள்ளிவிடச் சொல்வார்கள் தோட்டக்கலை தெரிந்தவர்கள். நம்மவருக்கு மனசு வராது. 'பாவம், இருக்கட்டும்' என்று விட்டுவிடுவார். அந்த ஜீவகாருண்யத்தின் பலனைத்தான் மூன்று மாதம் கழித்துத் தெருவே அனுபவிக்கிறது.

அதுவும் மரம் பிராம்லி ஜாதியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிராம்லி கடித்துத் தின்கிற பழமல்ல; சமையலுக்கானது. உள்ளங்கைக்கு அடங்காத பருமன், பச்சைத் தோல், வெயில் பட்ட பக்கம் மட்டும் செந்தீற்று. ஒரு கடி கடித்தால் பல்லிலிருந்து காதுவரை கூசும். அடுப்பில் ஏற்றினால் சில நிமிடத்தில் நுரைத்துக் குழைந்துவிடும். அந்தக் குழைவுக்காகத்தான் ஆங்கிலேயர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். முதல் வாரம் பை (தூக்குகிற பை அல்ல, மாவுக்குள் பழத்தை வைத்துச் சுடுகிற பை), இரண்டாம் வாரம் பழத்தின் மேல் மாவை உதிர்த்துச் சுடுகிற கிரம்பிள், மூன்றாம் வாரம் பன்றி இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள மசியல். நாலாம் வாரம் அவர் மனைவி, 'இனி ஒரு ஆப்பிள் இந்தச் சமையலறைக்குள் வரக் கூடாது' என்று உத்தரவு போட்டுவிடுகிறார். ஃப்ரீஸரில் பட்டாணிக்கு இடமில்லை. சைடர் பிழிவதற்கென்று ஒரு வருடம் வாங்கிய யந்திரம் கராஜில் சைக்கிளுக்குப் பின்னால் கிடக்கிறது. அதைப் பற்றி விசாரிப்பது நாகரிகமல்ல.

தூக்கிப் போட்டுவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பழத்தைக் குப்பையில் போட அவர் வளர்ப்பு இடம் கொடுக்காது. நாம் போட்டால் அவருக்கு ஆட்சேபம் இல்லை, அவர் கண்ணில் படாமல் போட வேண்டும், அவ்வளவுதான். பாவம் கைமாறிவிட்டதே!

பையைச் சும்மாவும் கொடுக்க மாட்டார். வாசலில் நின்றபடியே ஸ்தல புராணம் சொல்வார். 1809-இல் நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி விதை ஊன்றினாள், முளைத்து மரமானது. பிற்பாடு அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக்கடைக்காரர் வாங்கினார். 1856-இல் ஹென்றி மெரிவெதர் என்ற பதினேழு வயதுப் பையன் வந்து ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டான். 'எடுத்துக்கொள், ஆனால் பழத்துக்கு என் பெயர்தான்' என்றார் கசாப்புக்கடைக்காரர். நட்டவள் ஒருத்தி, பரப்பியவன் ஒருத்தன், பெயர் மட்டும் பத்திரம் வைத்திருந்தவருக்கு. கேட்கிற நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அவரிடம் நல்ல பழம் இல்லாமல் இல்லை. காம்பு உதிராத, அடிபடாத பழங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தோட்டத்துக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார். பக்குவமாக வைத்தால் மாசக்கணக்கில் கெடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கொட்டகைக் கதவைத் திறந்து மூக்கால் தணிக்கை செய்வார். ஒன்று அழுகினால் வரிசையே போய்விடும் அல்லவா? உதிர்ந்தவையும் அடிபட்டவையும் அடுக்கத் தகுதியற்றவை. அவைதான் நமக்கு வருகின்றன. 'கொஞ்சம் கன்றியிருக்கும், வெட்டிப் போட்டால் போதும்' என்பார். வெட்டினால் நடுவில் புழு ஒன்று சுரங்கம் தோண்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். வெட்டிப் போட்டது போக மிஞ்சியதைப் பார்த்தால், இதற்காகவா நாலு முறை தேங்க்ஸ் சொன்னோம் என்று தோன்றும்.

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்காத நிலை வரும்போது, பழப்பெட்டி அவர் வாசலுக்கு வரும். 'தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அட்டையில் எழுதிச் சுவரோரம் வைப்பார். காலையில் வைத்த பெட்டியை மாலையில் போய்ப் பார்த்தால் பழம் கூடியிருக்கும். தெருக்கோடியில் இன்னொரு ஆப்பிள் மரத்துக்காரர் இருக்கிறார்.

மிஞ்சியதெல்லாம் சட்னியாகும். ஆப்பிள், வெங்காயம், உலர்திராட்சை, சர்க்கரை, வினிகர் எல்லாம் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து ஜாடியில் அடைத்து, ஒன்றிரண்டு மாதம் ஊறட்டும் என்று வைப்பார்கள். 'உங்கள் ஊர்ச் சமாச்சாரம்தானே, பிடிக்கும்' என்று நம்மிடம் நீட்டுவார். கையோடு, 'ஜாடியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்' என்பார். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தபோது, தேரைக் கழுவித் திருப்பித் தரச் சொன்னதாகச் சங்கப் பாடல் எதிலும் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் ஒளிந்துகொள்வதுதான் வழக்கமாக இருந்தது. "ஏங்க, பை வருது, டிவிய ஆஃப் பண்ணுங்க" என்பாள் மனைவி. ஒருநாள் தப்ப முடியாமல் வாங்கிவிட்டோம். ஒரு துண்டை வாயில் போட்டவள் கண்ணை இடுக்கிக்கொண்டு, "மாங்காய்க்கு இதுல என்ன கொறைச்சல்?" என்றாள். பொடிப்பொடியாக நறுக்கினாள். உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் சேர்த்தாள். நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினாள். பழத்தை அடுப்பில் வைக்கவில்லை, வைத்தால் குழைந்துவிடும். அந்தக் குழைவை மறுநாள் வெல்லம் போட்டுப் பச்சடியாக்கிப் பயன்படுத்திக்கொண்டாள். ரசத்தில் ரெண்டு துண்டு போட்டால் பாதிப் புளி மிச்சம்.

மரியாதைக்கு ஒரு கிண்ணம் அவருக்கும் போனது. ரொட்டியில் செடார் சீஸை வைத்து அதன் மேல் ஊறுகாயைத் தடவித் தின்றாராம். முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தபின் கிண்ணத்தைத் துடைத்தெடுத்தாராம். அவர் மனைவி சொன்னது. மறுநாள் காலையில் இரண்டு பை வந்தது. பதில் மரியாதை செய்வதில் உள்ள ஆபத்து அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஒரு வருடம் அள்ளிக் கொடுத்தால் மறுவருடம் ஓய்ந்துவிடுவது ஆப்பிள் மரத்தின் சுபாவம். அடுத்த செப்டம்பரில் கிளைக்கு ஒரு காய்கூடத் தேறவில்லை. தெருவில் அமைதி. பெட்டி இல்லை, அட்டை இல்லை, யாரும் திரைச்சீலையை இழுத்து மூடவில்லை. அக்டோபரில் ஒரு மாலை மணி அடித்தது. பையோடு நின்றார். "இந்த வருடம் காய்ப்பு மோசம். ஏதோ கொஞ்சம் தேற்றினேன்" என்று வானத்தைப் பார்த்தபடி சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பையைக் கவிழ்த்தோம். அத்தனையும் ஒரே அளவு. கன்றல் இல்லை, புழு இல்லை. ஒன்றின் அடியில் மட்டும் பொட்டளவு ஸ்டிக்கர், விலைக்கணக்கு எண்ணோடு. மற்றதிலெல்லாம் உரித்தவர் இதை மட்டும் கவனிக்கவில்லை.

"கடையில வாங்கியிருக்கார்டி" என்றேன்.

அவள் பைக்குள் கையை விட்டு அடியில் துழாவினாள். கழுவித் துடைத்த காலி ஜாடிகள் வெளியே வந்தன.

"ஒண்ணில்ல, ரெண்டு" என்றாள்.