நற்சான்றுக்கு நற்சான்று
அமெரிக்க அரசின் ரகசியப் பணிக்கு, ஒப்பந்த ஊழியர் தானாகப் பாதுகாப்பு அனுமதி கேட்க முடியாது. வேலை தரும் நிறுவனம்தான் கேட்க வேண்டும். நிறுவனமோ, அனுமதி இருப்பவருக்கே வேலை என்று விளம்பரம் போடும். கல்யாணம் ஆகாமல் பைத்தியம் தீராது, பைத்தியம் தீராமல் கல்யாணம் ஆகாது.

தப்பித் தவறி நுழைந்தால் எஸ்.எஃப்.86 படிவம், நூறு பக்கத்துக்கு மேல். பழைய வீட்டு முகவரிகள், வெளிநாட்டு நண்பர்கள், கடன், கஞ்சா எல்லாம் ஒப்பிக்க வேண்டும். சரிபார்ப்பது யார்? அதுவும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்தான்! யு.எஸ்.ஐ.எஸ். என்ற தனியார் நிறுவனம் 6,65,000 விசாரணைகளை அரைகுறையாகவே 'முடிந்தது' என்று தள்ளிவிட்டதாக 2014இல் அரசே குற்றம்சாட்டியது. பின்னாளில் அரசு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனை அனுமதிக்காக விசாரித்ததும் இதே நிறுவனம்தான்.

2015இல் அம்பலமான இணையத் திருட்டில், இப்படி விசாரணைக்காகத் திரட்டிய 2.15 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. திருடர்கள் நுழைந்தது ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லோடு. அவர்களிடம் யாரும் படிவம் கேட்கவில்லை.