ஐந்நூறு சொல்லுக்குள் எங்கள் ஊர்

பெறுநர்:
மாண்புமிகு மாணவர் சேர்க்கைக் குழுவினர்,
தகவல் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பு.
(பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். எந்த ஊருக்கு விண்ணப்பித்தாலும் கேள்வி ஒன்றுதான்.)

ஐயா, அம்மா,

உங்கள் விண்ணப்பத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். ஒன்றே ஒன்று பாக்கி. "இந்தப் படிப்பினால் உங்கள் சொந்தச் சமூகம் எவ்வாறு பயன்பெறும் என்பதை 500 சொற்களுக்குள் விளக்குக" என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் கீழே சின்ன எழுத்தில், "உதவித்தொகை கோருவோர் மட்டும்" என்று போட்டிருக்கிறீர்கள். முழுக் கட்டணமும் கட்டிச் சேருகிறவருக்குச் சமூகம் என்று ஒன்று கிடையாது போலிருக்கிறது. அப்படி ஒன்று இருந்தாலும் அது அடைய வேண்டிய பயனை ஏற்கெனவே அடைந்திருக்கும். நான் உதவித்தொகை கேட்கிறவன், அதனால் எழுதியாக வேண்டும். எழுத உட்கார்ந்ததில் 500 சொல் தாண்டிவிட்டது. தனிக் கடிதமாக இணைத்திருக்கிறேன். பொறுத்தருள்க.

ஊர், சென்னை டோல்கேட். தண்டையார்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூருக்குள் நுழைகிற இடம். கிழக்கே கடல். கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர்கள். தெற்கே போனால் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்ட நிலையம் அங்கே இன்னும் நிற்கிறது. வடக்கே திருவொற்றியூர், 1946இல் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கு பலூன் செய்துகொண்டிருந்த எம்.ஆர்.எஃப். டயருக்கு வளர்ந்தது அங்கேதான். ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் அந்த ஊர்ப் பிள்ளை. இன்னும் மேலே போனால் எண்ணூர், அசோக் லேலண்ட். நாட்டில் உருளுகிற பாதிச் சாமான் எங்கள் தெருவைத் தாண்டித்தான் போயிருக்கும் என்பது எங்கள் பெரிசுகளின் கணக்கு. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். இவ்வளவு இருந்தும் அரசாங்கக் கோப்புகளில் எங்களுக்குப் பெயர் 'பின்தங்கிய பகுதி'. எல்லாரையும் வண்டியேற்றி முன்னால் அனுப்பிவிட்டு நிற்கிறவன் பின்தங்கித்தானே நிற்பான்?

நீங்கள் தமிழ் சினிமா பார்க்கிறவர்களாக இருந்தால் எங்கள் ஊரை ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். ஆகையால் முன்கூட்டியே சில வாக்குமூலங்கள். நான் குத்துச்சண்டை பழகியதில்லை. கேரம் சுமாராக ஆடுவேன். அதை முன்னிட்டு இதுவரை யாரும் வெட்டப்படவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டுகிற கன்சல்டன்சிக்காரர் என் முதல் வரைவைப் படித்துவிட்டு இதற்காகவே முகம் சுளித்தார். "தம்பி, நார்த் மெட்ராஸ்னு அட்ரஸ் இருக்கு. அத வச்சுக்கிட்டு இவ்ளோ வறட்டுத்தனமா எழுதலாமா? கொஞ்சம் கஷ்டம் சேத்து எழுது" என்றார். உப்பு சேர்ப்பது மாதிரி சொன்னார்.

அந்த முதல் வரைவில் நான் எழுதியிருந்தது என் அப்பாவைப் பற்றி. கஷ்டத்தைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. அப்பா ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் குறித்துக்கொள்வது வேலை. கன்டெய்னரின் மேல் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். அந்த ஏழாவது எண் சரிபார்ப்பதற்கென்றே வைத்தது. முதல் பத்து இடங்களுக்கும் ஆளுக்கொரு மதிப்பு. எழுத்துக்கு மதிப்புத் தரும்போது 11, 22, 33 ஆகிய மூன்றையும் தாண்டிவிடுவார்கள். ஒவ்வோர் இடத்தையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் மிஞ்சுவதுதான் அந்தக் கடைசி எண். பத்து மிஞ்சினால் பூஜ்யம் போடுவார்கள். யாராவது 3ஐ 8 என்று எழுதியிருந்தால் கணக்கு உதைக்கும். ஐ.எஸ்.ஓ. 6346 என்பது இதன் பெயர். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது; காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டத் தெரியும். பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்படி ஓர் எண்ணைக் கட்ட முடியும் என்பது பள்ளிப் பையனுக்கு எவ்வளவு பெரிய ஆச்சரியம்! அந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. நான் முதுநிலை படிக்க விரும்புவதற்கு அதுதான் காரணம்.

"இது எடுபடாது" என்றார் கன்சல்டன்சிக்காரர். "இதுல சமூகம் எங்க இருக்கு?"

சரி, சமூகத்துக்கு வருகிறேன். உதவித்தொகை பெற்றவர்கள் எழுதிய மாதிரிக் கட்டுரைகள் சிலவற்றை அவரே காட்டினார். ஆளுக்கொரு செயலி. கிராமத்துப் பாட்டிக்குச் செயலி, விவசாயிக்குச் செயலி, மீனவருக்குச் செயலி. எங்கள் பகுதியில் மக்கள் இதுவரை நம்பிப் பயன்படுத்திய கருவி எதுவென்று யோசித்துப் பார்த்தேன். பக்கெட்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தார் மாதிரி ஒதுங்கியது. முதலில் சொன்ன அளவுக்கும் கடைசியில் அள்ளிய அளவுக்கும் ஒட்டு இல்லை உறவு இல்லை. மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கடலோரக் காவல் படையினரும் வரிசையில் நின்று பக்கெட் பக்கெட்டாக அள்ளினார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 15 அன்று, இதே கடற்கரையில் வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் பறந்தன. மேலே போவதற்குத் தொழில்நுட்பம், கீழே அள்ளுவதற்குப் பக்கெட். பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்தது. இந்த முறையும் பக்கெட், கூடவே பிளாஸ்டிக் மக். ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் எங்களுக்கு வந்துசேர்ந்த தொழில்நுட்ப முன்னேற்றம் அந்த மக்.

பக்கெட்டைக் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் 2004 வாக்கிலேயே அதே பக்கெட்டில் காற்றைப் பிடித்தார்கள். மூடியில் வால்வு பொருத்தி, உள்ளே ஒரு பை வைத்து, நாற்றம் அடிக்கிற நேரத்தில் காற்றை இழுத்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கலிஃபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் 1990களில் பயன்படுத்திய கருவி அது. அதோடு நில்லாமல், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில், என்ன வாடை, யாருக்கு என்ன உபாதை என்று நோட்டுப் போட்டுப் பதிவு செய்தார்கள். நீங்கள் தரவு அறிவியல் என்று இரண்டு செமஸ்டருக்குக் கட்டணம் வாங்குகிறீர்களே, அதை அவர்கள் மூக்கை வைத்துச் செய்தார்கள். மூக்குக்கு உரிமத் தொகையும் கிடையாது.

ட்ரெய்லர் வரிசையும் அப்படித்தான். 1983இல் சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் வந்தது. பெட்டிகள் பெருகின, கேட்டுக்குப் போகிற சாலை அதற்கேற்பப் பெருகவில்லை. டிரைவர்கள் வண்டியிலேயே ஆக்கித் தின்று வண்டியிலேயே தூங்கினார்கள். வரிசையில் நிற்கிறவர்களின் எண்ணிக்கை என்பது, வருகிற வேகத்தைக் காத்திருக்கிற நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்று ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்திருக்கிறார். கேட்டில் ஒரு கம்ப்யூட்டர் படுத்தால் டோல்கேட்டில் எத்தனை வண்டி நிற்கும் என்று எங்கள் டீக்கடையில் எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். அவருக்குத் தெரியாதது அந்த நிரூபணம் மட்டும். நான் படித்துவிட்டு வந்து அந்த நிரூபணத்தை அவருக்குச் சொல்லலாம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், வேறு எங்கே போகப் போகிறார், வரிசையில்தானே நிற்கிறார்.

ஆக, எங்கள் சமூகத்துக்குத் தகவல் போதவில்லை என்று நீங்கள் கருதினால் அந்தக் கருத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். இங்கே தகவல் ஏராளம். ஆலைப் புகைக்கூண்டுகளில் கருவி மாட்டியிருக்கிறார்கள். அளவு நேரடியாக அலுவலகச் சர்வருக்குப் போகும். போகிற வழிக்குத் தார் ரோடு போட்டிருக்கிறார்கள், திரும்பி வருகிற வழிதான் ஒற்றையடிப் பாதை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் எண்ணூரில் கசிந்தது. பெரியகுப்பத்து மக்களை எழுப்பியது எந்தச் சர்வரும் அல்ல. கண் எரிந்து, நெஞ்சு அடைத்து எழுந்தவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

அதே டிசம்பர் 26, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால், 2004. புதுச்சேரிப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அந்தப் பகுதி ஊர்களில் தகவல் மையங்களை நடத்திவந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். நல்லவாட்டு மையத்தோடு பழகிய ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தார். ஊருக்கு போன் போட்டார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் கத்தி, எல்லாரையும் வெளியேற்றினார்கள். அலை வந்தது, படகுகளையும் வீடுகளையும் கொண்டுபோனது. ஊர் சனம் பிழைத்தது.

நீங்கள் கேட்கிற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான விடை கிடையாது. வெளிநாடு போன பையன், சொந்தச் சமூகம், தகவல் தொழில்நுட்பம், பயன் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. ஆனால் அதில் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. அந்த இளைஞர் திரும்பி வரவில்லை, போன்தான் செய்தார். அந்த போனை எடுக்க ஊரில் ஆள் இருந்தது, கேட்டதை ஊருக்கே கேட்க வைக்க ஒரு குழாய் ஒலிபெருக்கி இருந்தது. எண்ணூருக்கு நான் என்ன முதுநிலைப் பட்டம் வாங்கி வந்தாலும் ஆலைக்காரரின் சுவரில் ஒரு சைரனைப் பொருத்த அந்தப் பட்டத்துக்கு அதிகாரம் கிடையாது. அதிகாரம் இருக்கிறவர்களிடம், 'உங்கள் படிப்பால் எண்ணூருக்கு என்ன பயன்' என்று நீங்கள் கட்டுரை கேட்டதாகவும் எனக்குத் தகவல் இல்லை.

அடுத்து, 'திரும்பி வருவீர்களா' என்ற கேள்வி. இரண்டாண்டுக்குத் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்று பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையில் நிபந்தனையே இருக்கிறது. தாராளமாக வருகிறேன். வந்தால் வேலை எங்கே இருக்கும்? 2000த்தில் டைடல் பார்க்கைத் தரமணியில் கட்டினார்கள். அதன் பிறகு ஐ.டி. என்பது தெற்கு நோக்கியே நடந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி வரைக்கும் போய்விட்டது. வடக்குப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நாடு திரும்பினாலும் சோழிங்கநல்லூருக்குத்தான் திரும்புவேன். டோல்கேட்டுக்குத் தூங்க வருவேன். எங்கள் ஊருக்கு 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் வந்தது. அது எந்த ஐ.டி. பூங்காவின் வாசலுக்கும் போகாது. டோல்கேட்டில் ஏறினால் வண்டி மாறாமல் நேரே விமான நிலையத்தில் இறக்கிவிடும். அரசாங்கத்தின் விருப்பம் என்னவென்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

உள்நாட்டு உதவித்தொகைகளையும் பார்க்காமல் இல்லை. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு ஒன்றிய அரசு தருகிற தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் 2022இல் விதி மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு போன்ற தலைப்புகளை வெளிநாட்டில் போய் ஆராயப் பணம் கிடையாது. அவர்கள், 'ஊரைப் பற்றி அங்கே போய்ப் பேசாதே' என்கிறார்கள். நீங்கள், 'ஊரைப் பற்றி எழுதினால்தான் பணம்' என்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்.

இந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் நான் திண்டாடுவதைப் பார்த்து அப்பா கேட்டார்: "அவுங்களுக்கு இன்னாதான் வேணுமாம்?"

"இத படிச்சா நம்ம ஊருக்கு இன்னா நல்லது நடக்கும்னு கேக்குறாங்க நைனா."

"அவுங்க பசங்களயும் கேக்குறாங்களா?"

"காசு குடுத்துப் படிக்கிறவங்கள கேக்க மாட்டாங்க."

அப்பா சிரித்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மதிப்பிற்குரிய குழுவினரே, அடையாற்றிலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் விண்ணப்பிக்கிற என் வகுப்பு நண்பர்கள் 'எனக்குக் கணினியியலில் ஆர்வம்' என்று ஒரு வரி எழுதுகிறார்கள். அது போதும் என்கிறீர்கள். எனக்கும் ஆர்வம்தான். பிழை எப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். எங்கள் பகுதிக்காரனுக்கு ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது, அதோடு ஓர் ஊரையும் தோளில் தூக்கிவர வேண்டும் என்றால், அந்தச் சுமைக்கான கூலியை உதவித்தொகையோடு சேர்த்துக் கொடுங்கள். துறைமுகத்துப் பக்கம் சுமைக்குத் தனிக் கூலி என்பது பழைய வழக்கம்.

ஆகவே தங்களிடம் நான் கோருவது: அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லையென்றால் "உதவித்தொகை கோருவோர் மட்டும்" என்ற சின்ன எழுத்தையாவது எடுத்துவிட்டு எல்லாரையும் கேளுங்கள். இரண்டும் ஆகாதென்றால் நான் கட்டிய விண்ணப்பக் கட்டணத்தைத் திருப்பி அனுப்புங்கள். வங்கிக் கணக்கு எண் படிவத்திலேயே இருக்கிறது. அதைச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்,
டோல்கேட், சென்னை.