‘இழப்பு’ எழுதும் விளக்கக் கடிதம்

அனுப்புநர்: கசிவுநீர், கீழ்பவானி வாய்க்கால் கரையோரம், ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்கள்.

பெறுநர்: நீர்வளத் துறை, தமிழ்நாடு அரசு.

பொருள்: கசிந்தமைக்கு விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் கோப்புகளில் என் பெயர் ‘இழப்பு’ என்று பதிவாகியிருப்பதாக அறிகிறேன். வாய்க்காலைச் சீரமைத்து என்னைத் தடுக்க ரூ.709.60 கோடியில் திட்டம் போட்டிருப்பதையும் அறிந்து புல்லரித்துப் போனேன். லஞ்சம் வாங்கிய அலுவலருக்குக்கூட 17-பி குறிப்பாணை கொடுத்து, பதில் வாங்கி, விசாரணை வைத்துத்தான் தண்டனை தருகிறீர்கள். எனக்கு நேரடியாகக் கான்கிரீட். ஆகவே கேட்கப்படாத விளக்கத்தை நானே முன்வந்து சமர்ப்பிக்கிறேன்.

பவானிசாகர் அணை கட்டி முடிந்த 1955-ஆம் ஆண்டு வாக்கில் பணியில் சேர்ந்தேன். 200 கி.மீ. மண்வாய்க்கால் என் பணியிடம். ஆயக்கட்டு 2.07 லட்சம் ஏக்கர். ஆனால் தாங்கள் ஒரு போகத்துக்குத் தண்ணீர் விடுவது அதில் பாதிக்குத்தான். ஆகஸ்டில் திறந்தால் ஒரு பாதி நெல் நடும். மறு பாதி தை பிறந்த பிறகு கடலையும் எள்ளும் போடும். அதுவரை அந்த மறு பாதியின் கிணறுகளில் ஊறிக்கொண்டிருப்பது யார் என்று தங்கள் பொறியாளர்கள் விசாரித்ததுண்டா? வாய்க்காலை அடைத்த பிறகும் பள்ளங்களில் ஓடுவது நான்தான். ஒரு நாள் தற்செயல் விடுப்புக்கூட எடுத்ததில்லை. கொங்கு நாட்டுப் பாறைக்கு மேலே கொஞ்சம் மண். அதற்குள் நுழைந்து நகர்வது எவ்வளவு சிரமம் என்று ஒரு நாள் நுழைந்து பார்க்கவும்.

என் வேலையின் முழு விவரம் இது: வாய்க்காலில் இருந்து கிணற்றுக்குப் போகிறேன். கிணற்றில் இருந்து வயலுக்கு. வயலில் மிஞ்சியது ஓடைக்கு. ஓடை பவானிக்கோ நொய்யலுக்கோ நேரே காவிரிக்கோ போகிறது. ஒரே தண்ணீர், மூன்று நான்கு பேருக்கு உதவுகிறது. தங்கள் கணக்குப் புத்தகத்திலோ முதல் வரியோடு கூட்டல் முடிந்துவிடுகிறது. தங்கள் பக்கத்து மேசையில்தான் ஆறுகளை மீட்கும் கோப்பும் கிடக்கிறதாம்! கோடையில் ஆற்றுக்கு ஊறி வருபவனை இந்த மேசையில் அடைத்துவிட்டு, ஆற்றில் ஏன் நீரோட்டம் இல்லை என்று அந்த மேசையில் ஆலோசகரை நியமிப்பது சிக்கனமான நிர்வாகம்தான். இரண்டு டெண்டர் கிடைக்கும்.

மீட்பு என்றாலும் கான்கிரீட்தான் என்பதை ஈரோட்டில் பார்த்துவிட்டேன். என்னைக் குடித்து வளர்ந்த பெரும்பள்ளம் ஓடைக்கு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இரு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். ஓடை இப்போது ஒழுக்கமாக நிற்கிறது. ஊருக்குள் இருந்து வரும் சாக்கடை மட்டும் வழக்கம்போல் சேர்கிறது. அதற்குத் தடை ஏதும் இல்லை.

கடைமடை விவசாயியின் குறையை மறைக்க மாட்டேன். வரி கட்டிவிட்டு, கரூர் மாவட்டத்துக் கோடியில் காய்ந்த கொப்பு வாய்க்காலைப் பார்த்து நிற்பவர் என்மேல் கோபப்படுவது நியாயம். கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்த பழியும் என் குடும்பத்தின்மேல் உண்டு. ஆயக்கட்டுக்காரர்களில் ஒரு சாரார் கான்கிரீட் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார் வேண்டாம் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றமும் வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டது. ஆனால் கரையோரம் கிணறு தோண்டி, குழாய் பதித்து, ஆயக்கட்டுக்கு வெளியே தண்ணீர் கொண்டுபோகிறவர்களைப் பற்றி விவசாயிகள் கொடுத்த மனுக்கள் எத்தனை! அவற்றின்மேல் தூசிதான் கசிகிறது. ராத்திரி மோட்டாரை விட்டுவிட்டுப் பகலில் கசிபவனைப் பிடிப்பது வசதி. எனக்கு வக்கீலும் இல்லை, வாக்கும் இல்லை.

எனவே தாழ்மையுடன் வேண்டுவது: பலவீனமான கரையைக் கட்டுங்கள், ஓட்டை மதகுகளை மாற்றுங்கள், கொப்பு வாய்க்கால்களைத் தூர்வாருங்கள். திருட்டுக் குழாய்களைப் பிடுங்குங்கள். இவ்வளவும் முடிந்த பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் என்னைக் கைது செய்யலாம். அதற்கு முன், மைல் வாரியாக என்னை நம்பியிருக்கும் கிணறுகளையும் குடிநீர்த் திட்டங்களையும் எண்ணி, அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கசிவுநீர்